பார்க்கின்சன் ஆய்வில் எலிகள்: எதற்கு உதவும், எங்கே கைவிடும்

கேள்வி சுருக்கமாக இது. பார்க்கின்சன் நோய் பற்றி எந்த ஆய்வுக் கட்டுரையைத் திறந்தாலும் எலிதான் வருகிறது. எலிக்கு இந்த நோய் வருமா? நோயை விலங்கில் போலச் செய்துகாட்டும் இத்தனை வகை மாதிரிகளில் எது சரியானது? எலியில் பிரமாதமாக வேலை செய்த மருந்துகள் மனிதரில் ஏன் வரிசையாகத் தோற்கின்றன? கேட்டவர் முதுநிலை மாணவர், ஆய்வுத் திட்டம் ஒன்று எழுத வேண்டும் என்கிறார். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில்: வராது. வயதான எலிக்கு இயல்பாகப் பார்க்கின்சன் வருவதில்லை. நாம்தான் வரவைக்கிறோம். அதுவும் முழு நோயை வரவைக்க முடிவதில்லை, அதன் ஏதோ ஒரு துண்டைத்தான். எந்தத் துண்டை வரவைத்தார்கள், எப்படி வரவைத்தார்கள் என்று பார்க்காமல் எந்த எலி ஆய்வின் முடிவையும் எடைபோட முடியாது. மற்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை இதற்குள்தான் இருக்கிறது. (இந்தப் பதிலில் எலி என்றால் ராட், சுண்டெலி என்றால் மவுஸ். இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை என்பதைக் கீழே பார்க்கலாம்.)

மனிதரில் நடப்பது என்ன? நடுமூளையில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்றொரு சிறு பகுதி. அங்குள்ள நரம்பணுக்கள் தங்கள் நீண்ட இழைகளை ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதிக்கு அனுப்பி அங்கே, உடல் அசைவுக்குத் தேவையான டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கின்றன. நோயில் இந்த அணுக்கள் வருடக்கணக்கில் மெதுவாகச் செத்துக்கொண்டே வரும். கணிசமான பங்கு போன பிறகுதான் நடுக்கமும் இறுக்கமும் மந்தமும் வெளியே தெரியும். எஞ்சிய அணுக்களுக்குள் ஆல்ஃபா சைனியூக்ளின் என்ற புரதம் திரண்டு, லூயி உடலங்கள் என்ற உருண்டைகளாகக் கிடக்கும். இதற்கெல்லாம் பல ஆண்டுகள் முன்பே வாசனை தெரியாமல் போவது, மலச்சிக்கல், தூக்கத்தில் கைகாலை வீசுவது எல்லாம் தொடங்கிவிடலாம். ஆக, டோபமைன் குறைவு ஒன்று, அணுக்களின் மரணம் ஒன்று, புரதத் திரட்சி ஒன்று, மூளையின் மற்ற பகுதிகளும் குடலும் பாதிக்கப்படுவது இன்னொன்று. இந்த நான்கையும் ஒருசேர, மெதுவாக, வயதான விலங்கில் காட்டும் எலி மாதிரி இன்றுவரை கிடையாது.

டோபமைன் குறைவை மட்டும் காட்டுவதுதான் இருப்பதிலேயே எளிது. வரலாறும் அங்கேதான் தொடங்குகிறது. 1957-இல் ஸ்வீடனில் அர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்பின் கொடுத்து மூளையின் டோபமைனைக் காலி செய்தார். காது தொங்கி அசையாமல் கிடந்த முயல்கள், மூளையில் டோபமைனாக மாறும் டோபாவை ஊசியாகப் போட்டதும் எழுந்து நடமாடின. (முயல் கொறித்துண்ணி வகையில் சேராது, ஆனாலும் இந்தக் கதையை விட்டுவிட்டு மேலே போக முடியாது.) 1960-இல் வியன்னாவில் எரிங்கரும் ஹார்னிகெவிச்சும், பார்க்கின்சனால் இறந்தவர்களின் மூளையில் டோபமைன் வற்றிப்போயிருந்ததைக் காட்டினார்கள். அந்த டோபாவையே மருந்தாகக் கொடுக்கும் லெவோடோபா சிகிச்சை இந்த இரண்டும் சேர்ந்ததில் பிறந்தது. கார்ல்சனுக்கு 2000-இல் நோபல் கிடைத்தது. ஆனால் ரெசர்பின் விளைவு தற்காலிகமானது. மருந்தின் வேகம் இறங்கியதும் விலங்கு பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அணு எதுவும் சாவதில்லை.

அணுக்களைக் கொல்லும் முதல் நல்ல மாதிரி 1968-இல் வந்தது. ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் உர்பான் உங்கர்ஸ்டெட், 6-ஹைட்ராக்ஸிடோபமைன் என்ற நச்சை எலியின் மூளைக்குள் நேரடியாகச் செலுத்தினார். டோபமைனின் சாயலில் இருப்பதால் டோபமைன் அணுக்களே அதை ஆசையாக உள்ளே இழுத்துக்கொள்கின்றன. உள்ளே போனதும் அது ஆக்சிஜனேற்றம் அடைந்து அணுவைச் சிதைக்கிறது. அரை நூற்றாண்டு கழித்தும் இதுதான் ஆய்வகங்களின் தினசரிச் சாதனம்.

இதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம், ஏனென்றால் இந்த மாதிரியின் பலமும் பலவீனமும் செய்முறையிலேயே தெரிந்துவிடும். இந்த நச்சு ரத்தத்தில் செலுத்தினால் மூளைக்குள் நுழையாது. எனவே எலியை மயக்கி, தலையை அசையாமல் பிடிக்கும் ஸ்டீரியோடாக்சிக் சட்டத்தில் பொருத்தி, மண்டையோட்டின் தையல்கள் சந்திக்கும் பிரெக்மா புள்ளியிலிருந்து அளந்து, சிறு துளை வழியே ஊசியை இறக்குகிறார்கள். நார்அட்ரினலின் அணுக்களும் இதே நச்சை உறிஞ்சும் என்பதால், அவற்றைக் காப்பாற்ற அரை மணி நேரம் முன்பே டெசிப்ரமின் என்ற மருந்தைக் கொடுப்பது வழக்கம். நச்சை உப்புநீரில் கரைத்து, கெடாமலிருக்கக் கொஞ்சம் அஸ்கார்பிக் அமிலம் சேர்த்து, வெளிச்சம் படாமல் பனிக்கட்டியில் வைத்திருக்க வேண்டும். நிறமில்லாத கரைசல் இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ மாறிவிட்டால் சரி, அது கெட்டுவிட்டது என்று கொட்டிவிட வேண்டியதுதான். கெட்டதையே எலிக்குச் செலுத்திவிட்டு, ஏன் பாதி எலிகளில் விளைவு வரவில்லை என்று பிறகு தலையைப் பிடித்துக்கொள்வதில் பயனில்லை.

ஊசியை எங்கே இறக்குகிறோம் என்பதும் முக்கியம். நடு முன்மூளைக் கற்றை என்று சொல்லப்படும் இழைக்கட்டில் இறக்கினால், சில நாட்களில் அந்தப் பக்கத்து டோபமைன் அணுக்களில் ஏறத்தாழ எல்லாமே போய்விடும். ஸ்ட்ரையேட்டத்தில் இறக்கினால் இழைநுனியில் தொடங்கிய சேதம் வாரக்கணக்கில் பின்னோக்கி ஊர்ந்து அணுவின் உடலுக்கு வரும். சேதமும் பகுதியளவுதான். பாதுகாப்பு மருந்தைச் சோதிக்க இரண்டாவதுதான் தேவை, ஏனென்றால் காப்பாற்றுவதற்கு ஏதாவது மிச்சம் இருக்க வேண்டுமே. முதலாவதை வைத்துக்கொண்டு மருந்து காப்பாற்றவில்லை என்று எழுதினாலும் அதற்கு அர்த்தம் குறைவு.

பெரும்பாலும் மூளையின் ஒரு பக்கத்தில் மட்டுமே இதைச் செய்கிறார்கள். இரண்டு பக்கமும் செய்தால் எலி தின்னவும் குடிக்கவும் மறந்து, குழாய் வழியாக ஊட்டாவிட்டால் இறந்தே போகும். ஒரு பக்கம் மட்டும் போனதில் எதிர்பாராத ஒரு வசதி கிடைத்தது, சுழற்சிச் சோதனை. உங்கர்ஸ்டெட்டும் ஆர்பத்நாட்டும் 1970-இல் இதை விவரித்தார்கள். எலியை அரைக்கோளக் கிண்ணத்தில் விட்டு ஆம்ஃபிடமின் கொடுத்தால், நல்ல பக்கத்தில் மட்டும் டோபமைன் கொட்டும், எலி சேதமான பக்கம் நோக்கிச் சுற்றும். டோபமைனைப் போலவே ஏற்பிகளை நேரடியாகத் தூண்டும் அபோமார்ஃபின் கொடுத்தால் தலைகீழ். சேதமான பக்கத்து ஏற்பிகள் டோபமைனுக்கு ஏங்கிக் கூர்மையாகிக் கிடப்பதால் அந்தப் பக்கமே அதிகமாகத் தூண்டப்பட்டு, எலி எதிர்ப்பக்கம் சுற்றும். நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று இயந்திரமே எண்ணிவிடும். மூளையை வெட்டிப் பார்க்காமலேயே சேதத்தின் அளவு ஓரளவு தெரிந்துவிடுகிறது.

ஆனால் எந்த நோயாளியும் வட்டமாகச் சுற்றுவதில்லை. சுழற்சி என்பது இரண்டு பக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டின் அளவு, அவ்வளவுதான். நான் அதைவிட நம்புவது கண்ணாடி உருளைச் சோதனையை. எலியை ஒளி ஊடுருவும் உருளைக்குள் விட்டால் பின்கால்களில் நின்று முன்பாதங்களால் சுவரைத் தொட்டுத் தொட்டு ஆராயும். பின்னால் ஒரு கண்ணாடி வைத்துப் படமெடுத்து, எந்தப் பாதம் எத்தனை முறை தொட்டது என்று எண்ணுவார்கள். நல்ல எலி இரண்டையும் ஏறக்குறைய சமமாகப் பயன்படுத்தும். ஒரு பக்கம் சேதமான எலி எதிர்ப்பக்கப் பாதத்தை மார்போடு மடக்கி வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் தடவும். மருந்து எதுவும் கொடுக்காமலே தெரியும் குறைபாடு இது, ஒரு கை மட்டும் மந்தமாகத் தொடங்கும் நோயாளியின் நிலைக்கும் நெருக்கமானது.

லெவோடோபாவால் வரும் கட்டற்ற அசைவுகளை, அதாவது டிஸ்கைனீசியாவை ஆராய்வதிலும் இந்த மாதிரி நன்றாகவே கைகொடுத்திருக்கிறது. லுண்ட் பல்கலைக்கழகத்தில் ஆஞ்சலா சென்சி 1990-களின் இறுதியில் ஒரு மதிப்பெண் முறையை உருவாக்கினார். தினமும் லெவோடோபா பெறும் எலியின் உடல் முறுக்கம், முன்காலின் வீச்சு, வாய் நாக்கு அசைவு ஆகியவற்றைக் குறிப்பிட்ட இடைவெளியில் ஒரு நிமிடம் உற்றுப் பார்த்து, 0 முதல் 4 வரை மதிப்பெண் போடுவார்கள். மனிதரில் டிஸ்கைனீசியாவைக் குறைக்கும் அமண்டடின் இங்கும் குறைக்கிறது. இப்படி மனிதரும் எலியும் ஒத்துப்போகும்போதுதான் மாதிரியின் மேல் நம்பிக்கை வரும்.

எது கைகொடுக்காது என்றால், நோய் ஏன் வருகிறது என்ற கேள்வி. தீப்பிடித்து அணைந்த வீட்டை வைத்துக்கொண்டு செப்பனிடும் வேலையைப் பழகலாம், தீ எப்படிப் பிடித்தது என்று கண்டுபிடிக்க முடியாது. 6-ஹைட்ராக்ஸிடோபமைன் எலியில் லூயி உடலங்கள் கிடையாது, மூளையின் மற்ற பகுதிகளுக்கு நோய் பரவுவதும் கிடையாது.

அடுத்த நச்சு எம்பிடிபி. 1982-இல் கலிபோர்னியாவில் போலி ஹெராயின் ஊசி போட்டுக்கொண்ட சில இளைஞர்கள் ஒரே இரவில் போல உறைந்துபோய் மருத்துவமனைக்கு வந்தார்கள். வில்லியம் லாங்ஸ்டனின் குழு, அந்தப் போதைப்பொருளில் கலந்திருந்த எம்பிடிபிதான் காரணம் என்று 1983-இல் வெளியிட்டது. இதே பொருள் 1976-இலேயே ஒரு வேதியியல் மாணவரைத் தாக்கியிருந்தது. அப்போது ஆய்வாளர்கள் அதை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், சொல்லும்படி ஒன்றும் ஆகவில்லை. தவறான விலங்கைத் தேர்ந்தெடுத்ததால் விடை பல ஆண்டுகள் தள்ளிப்போனது. எலி எம்பிடிபியைப் பெரிதும் தாங்கும், சுண்டெலி தாங்காது. அதிலும் சி57 கறுப்பு இனச் சுண்டெலி மிகவும் பலவீனம், வேறு சில இனங்கள் அந்த அளவுக்கு இல்லை. குரங்கும் மனிதரும் எல்லாரையும்விடப் பலவீனம்.

செயல்படும் விதம் அழகானது, ஒரு பாடமும் அதில் இருக்கிறது. எம்பிடிபி ரத்தத்திலிருந்து மூளைக்குள் சுலபமாக நுழையும். அங்கே துணை அணுக்களில் உள்ள மாவோ-பி என்ற நொதி அதை எம்பிபி பிளஸ் என்ற உண்மையான நச்சாக மாற்றும். டோபமைனை மீட்டெடுக்கும் வாயில் வழியாக இது டோபமைன் அணுவுக்குள் புகுந்து, அணுவுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் முதல் கூட்டமைப்பை முடக்கும். இப்போது மாவோ-பியைத் தடுக்கும் செலிஜிலினை முன்கூட்டியே கொடுத்தால்? சுண்டெலிக்கு ஒன்றும் ஆகாது. அருமையான பாதுகாப்பு மருந்து என்று தோன்றும். உண்மையில் அது அணுவைக் காப்பாற்றவில்லை, நச்சு உருவாகாமல் தடுத்தது. நோயாளிகளில் செலிஜிலின் லெவோடோபா தேவைப்படும் நாளைத் தள்ளிப்போட்டதாக 1989-இல் வந்த முடிவு பெரும் ஆரவாரத்தைக் கிளப்பியது. பிறகு பார்த்தால் அதன் பெரும்பங்கு அறிகுறிகளைத் தணித்ததால் வந்தது, நோய் மெதுவானதற்கு நிரூபணம் கிடைக்கவில்லை. எனவே எம்பிடிபி மாதிரியில் எந்த மருந்து வெற்றி என்று படித்தாலும் முதலில் கேட்க வேண்டியது, அது நச்சின் பாதையில் எங்காவது குறுக்கே நிற்கிறதா என்பதுதான். மாவோ-பியையோ டோபமைன் வாயிலையோ அடைத்தால் நோய்க்கு ஒரு சம்பந்தமும் இல்லாமல் நல்ல முடிவு வந்துவிடும்.

ரோட்டெனோன் ஒரு பூச்சிக்கொல்லி. 2000-இல் கிரீனமையரின் குழு எலிகளுக்கு அதைத் தொடர்ந்து சிறிதளவில் செலுத்தியபோது, டோபமைன் அணுக்களின் இழப்போடு ஆல்ஃபா சைனியூக்ளின் திரட்சியும் வந்தது. நச்சு மாதிரிகளில் அதுவரை இப்படித் தெளிவாகப் பார்த்ததில்லை என்பதால் வரவேற்பு பலமாக இருந்தது. ஆனால் எலிக்கு எலி விளைவு மாறும், நிறைய எலிகள் இறந்தும் போகும். பாராகுவாட் என்ற களைக்கொல்லியைப் பற்றியும் ஏறக்குறைய இதையே சொல்லலாம்.

இப்போது மரபணுப் பக்கம். 1997-இல் ஒரு இத்தாலியக் குடும்பத்திலும் சில கிரேக்கக் குடும்பங்களிலும் ஆல்ஃபா சைனியூக்ளின் மரபணுவில் பிறழ்வு இருப்பது தெரிந்தது. புரதத்தின் 53-ஆவது இடத்தில் அலனின் இருக்க வேண்டிய இடத்தில் திரியோனின். எனக்கு இன்றும் வியப்பளிக்கும் விஷயம் என்னவென்றால், எலிக்கும் சுண்டெலிக்கும் அந்த 53-ஆவது இடத்தில் பிறப்பிலேயே திரியோனின்தான். மனிதருக்கு இளவயதிலேயே நோயைக் கொடுக்கும் அதே எழுத்தை வைத்துக்கொண்டு சுண்டெலி நிம்மதியாக வாழ்ந்து முடிக்கிறது. மனிதப் பிறழ்வை எடுத்து விலங்கில் வைத்தால் நோய் வந்துவிடும் என்ற எண்ணத்துக்கு இதைவிட நேரான எச்சரிக்கை இல்லை.

அப்படி வைத்தும் பார்த்தார்கள். மனித ஆல்ஃபா சைனியூக்ளினை மிகையாக உருவாக்கும் சுண்டெலி வகைகள் பல உண்டு. சிலவற்றில் திரட்சி வரும், நடை குலையும், குடல் மந்தமாகும். ஆனால் பெரும்பாலானவற்றில் சப்ஸ்டான்ஷியா நைக்ராவின் அணுக்கள் சாவதே இல்லை. எம்83 என்ற வகையில் முடக்கம் கடுமையாக வரும், ஆனால் சேதம் பெரிதும் முதுகுத்தண்டிலும் மூளைத்தண்டிலும்தான். பார்க்கின், பிங்க்1, டிஜே-1 ஆகிய மரபணுக்கள் செயலிழந்தால் மனிதருக்கு இளவயதுப் பார்க்கின்சன் வருகிறது. சுண்டெலியில் இந்த மூன்றையும் ஒரேயடியாக நீக்கிப் பார்த்தபோதும், கிழடாகும்வரை டோபமைன் அணுக்கள் அப்படியே இருந்தன. வளர்ந்த சுண்டெலியில் பார்க்கினைத் திடீரென நீக்கினால் மட்டும் அணுக்கள் குறைகின்றன. பிறப்பிலிருந்தே இல்லாவிட்டால் வளரும் மூளை ஏதோ மாற்று ஏற்பாடு செய்துகொள்கிறது என்பதே இதற்குப் பலரும் சொல்லும் விளக்கம். எல்ஆர்ஆர்கே2 என்ற இன்னொரு பார்க்கின்சன் மரபணுவின் கதையும் இப்படித்தான், நீட்ட வேண்டாம்.

வெறும் சுண்டெலியிலேயே பரவும் நோயைக் காட்டியது 2012-இல் வந்த ஆய்வு. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கெல்வின் லுக், வர்ஜீனியா லீ ஆகியோரின் குழு, ஆய்வகத்தில் செய்த ஆல்ஃபா சைனியூக்ளின் நார்த்துணுக்குகளைச் சாதாரணச் சுண்டெலியின் ஸ்ட்ரையேட்டத்தில் ஒரே ஒரு முறை செலுத்தியது. துணுக்குகள் விதைபோல வேலை செய்து சுண்டெலியின் சொந்தப் புரதத்தையே திரளச் செய்தன. திரட்சி இணைப்புள்ள பகுதிகளுக்குப் பரவியது, மாதங்கள் செல்லச் செல்ல டோபமைன் அணுக்கள் குறைந்தன, அசைவும் குறைந்தது. சொந்த ஆல்ஃபா சைனியூக்ளின் இல்லாத சுண்டெலியில் இது நடக்காது. பொறுமை வேண்டும், ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். துணுக்குகளின் நீளமும் விஷயம்தான். ஒலியலை கொண்டு அவற்றைச் சரியாக நொறுக்காமல் நீளமான நாராகவே செலுத்தினால் விதைக்கும் திறன் வெகுவாகக் குறையும். ஒவ்வொரு தொகுதியையும் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டே பயன்படுத்த வேண்டும்.

இதே துணுக்குகளை வைத்து 2019-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு செய்த ஆய்வு எனக்குப் பிடித்தமானது. நோய் குடலில் தொடங்கி வேகஸ் நரம்பு வழியாக மூளைக்கு ஏறலாம் என்று ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் ஹைகோ பிராக் 2003-வாக்கில் முன்வைத்த கருத்தைச் சோதித்தார்கள். சுண்டெலியின் முன்சிறுகுடல் தசையிலும் இரைப்பையின் கீழ்வாய்த் தசையிலும் துணுக்குகளைச் செலுத்தினால் திரட்சி படிப்படியாக மேலேறி நடுமூளைவரை போனது. வேகஸ் நரம்பை முன்பே வெட்டிவிட்டிருந்தால் ஏறவில்லை. மனிதர் எல்லாருக்கும் இப்படித்தான் தொடங்குகிறது என்று இது காட்டவில்லை. அப்படி ஒரு பாதை சாத்தியம் என்று காட்டியது. விலங்கு ஆய்வு ஒன்றிடம் நியாயமாக எதிர்பார்க்கக்கூடியது அவ்வளவுதான்.

சரி, மூன்றாவது கேள்வி. மருந்துகள் ஏன் தோற்கின்றன? ஜிடிஎன்எஃப் கதையைச் சொன்னால் போதும்.

ஜிடிஎன்எஃப் டோபமைன் அணுக்களை வளர்க்கும் ஒரு புரதம், 1993-இல் கண்டுபிடித்தார்கள். 6-ஹைட்ராக்ஸிடோபமைன் எலி, எம்பிடிபி சுண்டெலி, எம்பிடிபி குரங்கு என்று போன இடமெல்லாம் வெற்றி. மனிதரில் முதலில் மூளைத் திரவ அறைக்குள் செலுத்தினார்கள், பயனில்லை. பிறகு பிரிஸ்டலில் சிறு குழுவுக்கு நேரடியாக மூளைத் திசுவுக்குள் செலுத்தியபோது நல்ல முன்னேற்றம் தெரிந்தது, ஆனால் யாருக்கு மருந்து என்று எல்லாருக்கும் தெரிந்த சோதனை அது. போலிமருந்தோடு ஒப்பிட்ட சோதனை இலக்கை எட்டவில்லை, 2004-இல் நிறுத்தப்பட்டது. 2019-இல் வெளியான இன்னொரு சோதனையும் முதன்மை இலக்கைத் தொடவில்லை.

என்ன ஆயிற்று? 2011-இல் லுண்டில் பியோர்க்லண்டின் குழு இதே ஜிடிஎன்எஃபை வேறு மாதிரியில் சோதித்தது. நச்சுக்குப் பதிலாக, வைரஸ் மூலம் மனித ஆல்ஃபா சைனியூக்ளினை எலியின் டோபமைன் அணுக்களில் மிகையாக உருவாக்கினார்கள். இங்கே ஜிடிஎன்எஃப் ஒன்றையும் காப்பாற்றவில்லை. மிகையான ஆல்ஃபா சைனியூக்ளின், நர்1 என்ற கட்டுப்பாட்டுப் புரதத்தைக் குறைத்து, அதன் வழியாக ஜிடிஎன்எஃபின் சமிக்ஞையை வாங்கும் ஏற்பியையே மங்கச் செய்துவிடுகிறது என்று அடுத்த ஆண்டு காட்டினார்கள். நச்சு மாதிரியில் அந்த ஏற்பி முழுசாக இருந்தது, அதனால் மருந்து வேலை செய்தது. (நார்த்துணுக்கு மாதிரியில் பின்னால் வந்த ஓர் ஆய்வில் ஜிடிஎன்எஃப் திரட்சியைக் குறைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். ஒரு மாதிரியின் தோல்வியும் கடைசித் தீர்ப்பாகாது.)

இன்னொரு காரணம் நேரம். எலிக்கு மருந்தை நச்சுக்கு முன்போ, சில நாட்களுக்குள்ளோ கொடுக்கிறார்கள். மனிதரின் நிலை வேறு. 2013-இல் கோர்டோவரும் கூட்டாளிகளும் இறந்தவர்களின் மூளைகளை ஆராய்ந்தபோது, நோய் கண்டுபிடித்து நான்கைந்து ஆண்டுகளுக்குள்ளேயே ஸ்ட்ரையேட்டத்தைச் சேர்ந்த புட்டமென் பகுதியில் டோபமைன் இழைகள் கிட்டத்தட்ட முழுக்கக் காணாமல்போயிருந்தன. ஜிடிஎன்எஃபை அங்கே ஊற்றினால் வாங்கிக்கொள்ள இழையே இல்லை.

விலங்கின் இயல்பும் ஒரு காரணம். ஆய்வுச் சுண்டெலிகள் பெரும்பாலும் இரண்டு மூன்று மாத வயதுள்ள, மரபணுவில் ஒரே அச்சான ஆண்கள். மொத்த ஆயுளே இரண்டு மூன்று ஆண்டுகள். பார்க்கின்சன் முக்கியமாக வயதானவர்களின் நோய், பெண்களுக்கும் வருகிறது. எலி நான்கு காலில் நடக்கிறது, மனிதரின் ஓய்வுநிலை நடுக்கம் இந்த மாதிரிகளில் அப்படியே வருவதில்லை. ஒரு டோபமைன் அணுவின் இழைகள் எலியிலேயே அரை மீட்டர் அளவுக்குக் கிளைத்துப் பரவுகின்றன. மனிதரில் அது 4 மீட்டருக்கும் மேல் என்று கணக்கிடுகிறார்கள். அத்தனை நீளத்தைப் பராமரிக்கும் ஆற்றல் செலவே மனித அணுவைப் பலவீனமாக்குகிறது என்பது ஒரு வலுவான கருத்து.

இன்னொரு வேறுபாடு கண்ணுக்கே தெரியும். மனித சப்ஸ்டான்ஷியா நைக்ரா கறுப்பாக இருக்கும், நியூரோமெலனின் என்ற நிறமி அதில் சேர்கிறது. எலியில் அது கிடையாது. பார்சிலோனாவில் மிக்கேல் விலாவின் குழு 2019-இல் மனித டைரோசினேஸ் நொதியை எலியின் டோபமைன் அணுக்களில் உருவாக்கி, நிறமி சேரச் செய்தது. ஓர் அளவைத் தாண்டியதும் அணுக்கள் கெடத் தொடங்கின. எலிக்கு ஏன் வருவதில்லை என்ற உங்கள் முதல் கேள்விக்கு விடையின் ஒரு பகுதி அங்கே இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

கட்டுரைகளைப் படிக்கும்போது ஒரு இடத்தில் நின்று பாருங்கள், அணுக்களை எப்படி எண்ணினார்கள் என்ற பத்தியில். வழக்கமாக டைரோசின் ஹைட்ராக்ஸிலேஸ் என்ற நொதிக்குச் சாயமேற்றி, சாயமேறிய அணுக்களை எண்ணுவார்கள். அடிபட்ட அணு சாகாமலேயே அந்த நொதியைத் தயாரிப்பதை நிறுத்திவிடலாம். சாயம் ஏறாது, செத்ததாகக் கணக்கில் வரும். பிறகு மருந்து கொடுத்து அது மீண்டும் நொதியைத் தயாரித்தால், மருந்து அணுவைக் காப்பாற்றியதாகக் கட்டுரை சொல்லும். நிஸ்ஸல் சாயத்தாலோ நியூஎன் போன்ற பொதுக் குறிப்பானாலோ மொத்த அணுக்களையும் எண்ணிச் சரிபார்த்தார்களா, எண்ணியவருக்கு எந்த எலி எந்தக் குழு என்று தெரியாமல் இருந்ததா, எலிகளைக் குழுக்களாகக் குலுக்கல் முறையில் பிரித்தார்களா? இந்த மூன்றும் இல்லாத கட்டுரையின் முடிவுக்கு நான் பாதி மதிப்புதான் கொடுப்பேன், எவ்வளவு பெரிய இதழில் வந்திருந்தாலும்.

இவ்வளவு குறை சொல்லியும், எலிகளை விட்டுவிடலாம் என்று நான் சொல்ல மாட்டேன். நோயாளியின் தோல் அணுவிலிருந்து செய்த குருத்தணுக்களைத் தட்டில் வளர்த்து டோபமைன் அணுக்களாக மாற்றலாம், மனித மரபணுவோடு. ஆனால் தட்டுக்குக் குடல் இல்லை, நடை இல்லை, முதுமையும் சரியாக வருவதில்லை. டோபமைன் அணுக்களை நோயாளியின் மூளையில் நடும் சிகிச்சையும் எலி வழியாகத்தான் வந்தது. கருவின் டோபமைன் அணுக்களை எலியில் நட்டுச் சுழற்சியைக் குறைத்ததை 1979-இல் இரண்டு குழுக்கள் காட்டின. குருத்தணுக்களிலிருந்து செய்த டோபமைன் அணுக்களை மனிதருக்கு நட்ட இரண்டு சிறு சோதனைகளின் முடிவுகள் 2025-இல் வெளிவந்தன. கட்டி வளர்கிறதா, நட்ட அணு இழை விடுகிறதா என்றெல்லாம் அதற்கு முன் எலியில்தான் பார்க்க வேண்டியிருந்தது.

கடைசியாக, உங்கள் திட்டம். டோபமைன் இல்லாதபோது மூளைச் சுற்றுகள் எப்படி மாறுகின்றன, லெவோடோபாவின் பக்கவிளைவு, அணு நடுதல் என்றால் ஒரு பக்க 6-ஹைட்ராக்ஸிடோபமைன். மைட்டோகாண்ட்ரியா பற்றியது என்றால் எம்பிடிபி சுண்டெலி, மருந்து நச்சின் பாதையில் குறுக்கிடவில்லை என்று தனியாகக் காட்டுவீர்களானால். எம்பிடிபி கையாள்பவருக்கும் ஆபத்தானது, ஊசி போட்ட சுண்டெலியின் சிறுநீரில்கூட வரும், தனி அறையும் பயிற்சியும் இல்லாமல் தொடாதீர்கள். புரதம் பரவுவதைப் பார்க்க வேண்டுமென்றால் நார்த்துணுக்குகள், ஆனால் முதுநிலைப் படிப்பின் கால அளவுக்குள் ஆறு மாதக் காத்திருப்பு அடங்குமா என்று வழிகாட்டியிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். நோயை மெதுவாக்கும் மருந்து என்று உரிமை கோரப் போகிறீர்கள் என்றால் ஒரு மாதிரி போதாது, ஒரு நச்சும் ஒரு ஆல்ஃபா சைனியூக்ளின் மாதிரியும் வேண்டும். சேதம் தொடங்கிய பிறகு மருந்து கொடுக்கும் ஒரு குழுவையும், பெண் விலங்குகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விலங்கு நெறிக் குழுவுக்கு விண்ணப்பிக்கும்போது, எத்தனை எலி என்ற கணக்குக்கு முன், இந்தக் கேள்விக்கு இந்த மாதிரி ஏன் என்று ஒரு பத்தி எழுதிப் பாருங்கள். அதை எழுத வரவில்லை என்றால் எலிகளைக் கேட்டு விண்ணப்பிக்கும் நேரம் இன்னும் வரவில்லை.